இரையாத பெட்டி

ஷமீனா அன்றைக்குக் கடைக்குப் போனது வண்டிச் சாவியைக் கொடுப்பதற்காக. அவள் கணவன் நவ்ஷாத் சாவியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தான். அவனுடைய மாட்டுத்தீவனக் கடை கேரள எல்லையில் மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில், மெயின்ரோட்டை ஒட்டி இருக்கிறது. வீட்டிலிருந்து ஒரு தென்னந்தோப்பைத் தாண்டினால் கடை. இருந்தும் அவள் அந்தப் பக்கம் வந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

காரணம் அவள் காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவள் காதைக் கெடுத்துவிட்டுப் போனது. கேட்காமல் போகவில்லை. எல்லாமே அளவுக்கு மீறிக் கேட்டது. குக்கர் விசில், எவர்சில்வர் தட்டு கீழே விழுவது, பால் டேங்கரின் ஹாரன் என்று மற்றவர்கள் முகம் சுளித்து மறந்துவிடும் சத்தமெல்லாம் அவளுக்குள் ஊசியாக இறங்கியது. சில நாட்களில் காலையில் கேட்ட ஒரு சத்தத்தின் வலி சாயங்காலம்வரை காதுக்குள் தங்கியிருக்கும்.

நவ்ஷாத் வீட்டையே அவளுக்காக மாற்றினான். கதவு விளிம்புகளில் ரப்பர் ஒட்டினான். காலிங் பெல்லின் வயரை அறுத்துவிட்டான். குக்கர் பரணுக்குப் போனது. மண்சட்டி அடுப்புக்கு வந்தது. கல்யாணத்துக்கு முன்பு, மேடைகளில் சினிமாப் பாட்டுக் கச்சேரி நடத்தும் கானமேளைக் குழு ஒன்றில் கிட்டார் வாசித்தவன் அவன். பிறகும் பெருநாள், கல்யாண வீடு என்று அவன் வாசிப்பு நிற்கவில்லை. அதற்கென்று அவன் வைத்திருந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டி இடுப்பு உயரத்துக்கு இருக்கும். ஷமீனா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அதை ஜோமோன் என்ற பழைய கூட்டாளிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். கிட்டாரும் அதோடு போய்விட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கடையில் முன்பக்கம் யாரும் இல்லை. பின்னால் கோடவுனிலிருந்து ஏதோ மெல்லிய ஒலி வந்தது. முதலில் பூச்சி என்று நினைத்தாள். எட்டிப் பார்த்தபோது, புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து நவ்ஷாத் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். எலெக்ட்ரிக் கிட்டார். எதிலும் மாட்டவில்லை. சுற்றிலும் மூட்டைகள் இருந்ததால் வருகிற கொஞ்சம் ஒலியையும் அவை விழுங்கிக்கொண்டிருந்தன. கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, யாருக்கும் கேட்காத ஒன்றை அவன் முழு மனசோடு வாசித்தான்.

ஷமீனா அப்படியே நின்றுவிட்டாள். வலிக்கப்போகிறது என்று தோள்களை இறுக்கிக்கொண்டுதான் நின்றாள். வலிக்கவில்லை.

அவன் கண் திறந்து பார்த்ததும் திடுக்கிட்டுக் கம்பிகளைக் கையால் பொத்தினான்.

"நீ எப்ப வந்தே? காது நோவுதா?"

"நோவுலீங்க. ஏன் நிறுத்துனீங்க?"

"சும்மாதான். விரலு மறந்துறக் கூடாதுன்னு..."

"பாதிதான் கேக்குதுங்க. தடிச்ச கம்பியில விரலு அசையுது, சத்தத்தக் காணோம்."

"இந்தக் கிட்டாருக்கு வயிறு இல்ல ஷமீ. பெட்டியில மாட்டுனாத்தான் குரல் வரும்."

"அப்ப ஒரு பெட்டி வாங்குங்க."

அவன் பேயைப் பார்த்தவன் போல அவளைப் பார்த்தான். "உனக்கென்ன கிறுக்கா? ஊட்டுல ஒரு கரண்டி உழுந்தாலே நீ உக்காந்து அழறே."

"சின்னதா ஒண்ணு. மெதுவா வாசிக்கற மாதிரி."

"அப்படிப் பாத்தா ஹெட்போன் மாட்டியே வாசிச்சுக்கலாம். உனக்குத் தொந்தரவே இருக்காது."

"நீங்க காதுல மாட்டிக்கிட்டுத் தனியாக் கேட்டா எனக்கென்னங்க ஆச்சு?" என்று கேட்டாள் ஷமீனா. "நானும் கேக்கோணும்."

அவன் கிட்டாரைப் பைக்குள் வைத்து மூடினான். வாங்க மாட்டேன் என்றுவிட்டான். வலியில் அவள் சுருண்டு கிடந்த நாட்களை அவன் பக்கத்தில் இருந்து பார்த்தவன். அந்த வலியை விலை கொடுத்து வாங்கிவர அவனுக்குத் தைரியம் வரவில்லை.

ஷமீனாவுக்கோ வேறு ஒரு நினைவு. பாலக்காட்டில் அவளைப் பார்க்கும் காது டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்லி அனுப்புவார். சத்தத்துக்குப் பயந்து ஒளிந்துகொண்டே இருந்தால் காது இன்னும் பயப்படும். பிடித்த ஒரு சத்தத்தை, சின்னதாக, கட்டுப்பாடு தன் கையில் இருக்கும்படி, தினமும் கொஞ்சம் கேட்டுப் பழக வேண்டும். அவள் ரேடியோ வைத்துப் பார்த்தாள். நடுவில் விளம்பரம் வந்து உயிரை எடுத்தது. போனில் பாட்டு போட்டாள். அது மண்டைக்குள் கம்பியாகக் கீறியது. தனக்குப் பிடித்த சத்தம் எது என்பது கோடவுனில் நின்றபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

நவ்ஷாத்தின் தங்கை ஃபர்ஸானா நல்லேப்பிள்ளியில் வாழ்க்கைப்பட்டவள். அங்கன்வாடி டீச்சர். சொந்தமாகக் கார் ஓட்டுவாள். ஷமீனா அவளுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். பால் சொசைட்டியில் தன் பெயரில் சேர்ந்திருந்த பணத்தில் வாங்கிக்கொள்வதாகவும், பெரிய விலைக்குப் போகப்போவதில்லை என்றும் சொன்னாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா மச்சி?" என்றாள் ஃபர்ஸானா. அண்ணன் மனைவியை அந்தக் குடும்பத்தில் மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வாங்கிட்டு வந்து சொல்லிக்கலாம்."

"பாலக்காட்டு டிராஃபிக்குல உங்களால உக்கார முடியுமா?"

"முடியலைன்னா திரும்பிக்கலாம். போகாமயே முடியாதுன்னு சொல்லக் கூடாதுல்லொ."

மாசி மாதத்துக் காலையில் இருவரும் கிளம்பினார்கள். வெல்டிங் பட்டறையில் மாட்டுகிற மாதிரியான காதுமூடி ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் முக்காட்டை இழுத்துவிட்டு, காரின் பின் சீட்டில் ஷமீனா உட்கார்ந்தாள். வழியில் கன்னிமாரி, வண்டித்தாவளம் ஊர்களையெல்லாம் சமாளித்துவிட்டாள். தத்தமங்கலத்தில் ஒரு பஸ் காதோரமாகவே ஹாரன் அடித்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஃபர்ஸானா கண்ணாடியில் பார்த்து வேகத்தைக் குறைத்தபோது, "போ, போ" என்று கையால் சைகை காட்டினாள்.

பாலக்காட்டில் அந்த இசைக்கருவிக் கடை ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. சுவர் முழுக்கக் கிட்டார்கள். ஒரு மூலையில் டிரம்ஸ். ஆனந்தகுமார் என்ற முப்பது முப்பத்தைந்து வயதுக்காரன் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாலக்காட்டுக்குப் பக்கத்துச் சித்தூர்க்காரன், பேச்சிலேயே தெரிந்தது.

"வாங்க்கா. என்ன பாக்கறீங்க?"

ஷமீனா காதுமூடியைக் கழற்றினாள். "கிட்டாருக்கு ஒரு பெட்டி வேணுங்க தம்பி. சின்னது. சத்தம் சுத்தமா இருக்கோணும். மெதுவா வெச்சாலும் முழுசாக் கேக்கோணும்."

"யாரு வாசிக்கறது? பையனுங்களா?"

"எங்கூட்டுக்காரரு. கேக்கறது நானு."

ஆனந்தகுமார் சிரித்தபடி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் டிரம்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆள், குச்சியை எடுத்துப் பித்தளைத் தட்டில் விளையாட்டாக ஒரு போடு போட்டான்.

ஷமீனா இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் காதைப் பொத்தி, முழங்காலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தட்டைச் சட்டென்று பிடித்து அடக்கியவன் ஆனந்தகுமார்தான். ஃபர்ஸானா அவளைத் தூக்கிப் பிடித்துப் படியிறக்கிக் காருக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தாள். ஷமீனாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"போயிரலாம் மச்சி. அண்ணன் என்னையக் கொன்னுரும்."

ஷமீனா தண்ணீர் கேட்டுக் குடித்தாள். கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். தூங்கிவிட்டாள் போல என்று ஃபர்ஸானா வண்டியைக் கிளப்பச் சாவியைத் திருகப் போனபோது, அவள் கண்ணைத் திறந்தாள்.

"இன்னைக்குத் திரும்பிப் போனா நான் இனி ஊட்ட விட்டே வரமாட்டேன் ஃபர்ஸானா. என்னைய எனக்குத் தெரியும். வா, மேல போகலாம்."

அவர்கள் திரும்ப மேலே வந்தபோது கடையில் வேறு யாரும் இல்லை. ஆனந்தகுமார் வாசல் கண்ணாடிக் கதவைச் சாத்தி, சற்று நேரம் கழித்து வரவும் என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டியிருந்தான். டிரம்ஸின் மேல் ஒரு கம்பளியை எடுத்துப் போர்த்தியிருந்தான். அவர்கள் உள்ளே வந்ததும் ஃபேனையும் நிறுத்தினான்.

"மன்னிச்சுக்குங்க்கா," என்றான். "உங்களுக்குக் காதுல பிரச்னைன்னு சொல்லியிருந்தீங்கன்னா மொதல்லயே சாத்தியிருப்பேன்."

"சொல்லியிருக்கோணும். நம்ம தப்புத்தான்," என்றாள் ஷமீனா.

ஃபர்ஸானா தன் போனில் அண்ணனின் கிட்டார் படத்தைக் காட்டினாள். ஆனந்தகுமார் சுவரிலிருந்து அதே மாதிரியான ஒன்றை இறக்கினான். பிறகு விற்பனை ஜோராக ஆகும் ஒரு பெட்டியை இழுத்துவந்து வைத்து, வயரைக் கையில் எடுத்தான்.

"வாசிக்காதீங்க தம்பி," என்றாள் ஷமீனா. "மொதல்ல ஆன் மட்டும் பண்ணுங்க."

"சும்மாவா?"

"சும்மா."

அவன் சுவிட்சைப் போட்டான். ஷமீனா ஒரு முழம் தள்ளி நின்று காதைச் சாய்த்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் நெருங்கினாள்.

"கடுகு பொரியற மாதிரி ஒரு இரைச்சல் இருக்குதுங்க. விடாம."

ஆனந்தகுமாருக்குக் கேட்கவில்லை. காதைப் பெட்டியில் ஒட்டவைத்துக் கேட்டான். அப்போதுதான் அவனுக்கும் கேட்டது. வருஷக்கணக்காக விற்கும் பெட்டி அது. அவன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்த பார்வை அதற்குப் பிறகு மாறிவிட்டது. இனி இவளிடம் பேசி விற்க முடியாது, கேட்டுத்தான் விற்க முடியும் என்று அவனுக்குப் புரிந்துபோனது. அதில் அவனுக்கு ஒரு உற்சாகமும் வந்தது.

இரண்டாவதாக அவன் எடுத்தது போனோடு சேர்த்து இயக்குகிற நவீன வகை. அந்த ஒரே பெட்டிக்குள் பல பெட்டிகளின் குரல் இருந்தது. ஆன் செய்தபோது இரைச்சலே இல்லை. ஷமீனாவின் முகம் மலர்ந்தது. அவன் ஒரு கம்பியை மெதுவாக மீட்டிவிட்டுக் கையை எடுத்தான். ஒலி மெல்ல மெல்லத் தேய்ந்தது.

"கடைசியில வெட்டுதுங்க," என்றாள் அவள்.

"எங்க?"

"இன்னொருக்கா மீட்டுங்க. அடங்கி அடங்கிப் போயி, கடைசியில கதவச் சாத்துன மாதிரி நின்னுபோகுது. அது தானா நிக்கறதில்லை."

ஆனந்தகுமார் போனைத் தட்டி எதையோ அணைத்தான். அடுத்த நொடியே பெட்டி இரைய ஆரம்பித்தது. "நீங்க சொன்னது சரிதான்க்கா. இரைச்சல் கேக்காம இருக்க இது ஒரு கதவு வெச்சிருக்குது. ஒலி ஒரு அளவுக்குக் கீழ போனா சாத்திரும். சத்தமா வாசிக்கறவங்களுக்கு இது தெரியவே தெரியாது."

"நாங்க மெதுவா வாசிக்கறவங்களாச்சே," என்றாள் ஷமீனா. ஃபர்ஸானா அந்த 'நாங்க'வைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

உள்ளங்கை அகலமே உள்ள ஒரு குட்டிப் பெட்டி இருந்தது. விலையும் மிகக் குறைவு. அதில் இரைச்சலும் இல்லை, வெட்டும் இல்லை. ஆனால் தடித்த கம்பிகள் தகர டப்பாவுக்குள் பேசுவது போலக் கேட்டன. அவன் அதற்கு மறுப்பே சொல்லவில்லை. ஸ்பீக்கர் இவ்வளவு சின்னதாக இருந்தால் அடிக்குரல் வராது என்று அவனே எடுத்து ஓரமாக வைத்தான். இன்னொன்றில் எல்லாமே நன்றாக இருந்தது. ஆனால் குமிழைத் திருகினால் முதலில் ஒன்றும் கேட்காது. மயிரிழை அதிகமாகத் திருகினாலே அறை முழுக்கக் கத்தும். அந்த நடுவில் ஒரு இடத்தைப் பிடிக்க முடியவில்லை. ஷமீனா தானே குமிழைத் திருகிப் பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டாள்.

அவளுக்குக் களைப்பு தெரிய ஆரம்பித்திருந்தது. ஆனந்தகுமார் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். கொஞ்சம் யோசித்துவிட்டு உள்அறைக்குள் போனான். அட்டைப் பெட்டி மேல் அட்டைப் பெட்டியாக நகர்த்தும் ஓசை, அதுவும் மிக ஜாக்கிரதையான ஓசை, கேட்டது. வெளியே வந்தபோது அவன் கையில் கறுப்பாக ஒரு பெட்டி இருந்தது. கைக்கடியில் இடுக்கித் தூக்கிக்கொண்டு போகலாம். எட்டு இஞ்சு ஸ்பீக்கர். முன்பக்கம் மூன்றே குமிழ்.

"இத யாரும் கேக்கறதில்லைங்க்கா. இதுல வேற வித்தையே கிடையாது. ஒரு குரல்தான். இப்பவெல்லாம் எல்லாருக்கும் நூறு குரல் வேணும்."

சுவிட்சைப் போட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது. ஷமீனா குனிந்தாள். பெட்டியின் துணிக்கு ஒரு சாண் தூரம்வரை காதைக் கொண்டுபோனாள். அந்த அறையில் இருந்த மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எரியுதுங்களா தம்பி இது?"

"எரியுதுங்க்கா."

"இப்ப வாசிங்க."

அவன் தடித்த கம்பியிலிருந்து தொடங்கினான். கோடவுனில் விரல் அசைவாக மட்டும் அவள் பார்த்த ஒலி இப்போது வெளியே வந்தது. உருண்டையாக, நிதானமாக, தரையோடு வந்து காலைத் தொடுவது போல. அவன் கையை எடுத்தான். ஒலி போய்க்கொண்டே இருந்தது. எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாதபடி முடிந்தது.

ஷமீனா குமிழைத் தன் கையில் வாங்கினாள். கொஞ்சம் ஏற்றினாள், கொஞ்சம் இறக்கினாள். கறிக்கு உப்புப் போடுவது போல, வேண்டிய அளவுக்கு வந்தது.

"இதுதானுங்க," என்றாள்.

ஆனந்தகுமார் அதைப் பொதிந்து கட்டிக் கார்வரை தானே தூக்கிவந்து வைத்தான். "அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றான். "புதுச் சரக்கு வர்றப்ப உங்களக் கூப்பிட்டா வந்து கேட்டுச் சொல்லுவீங்களா?"

ஷமீனா சிரித்தாள். அந்தக் காதை யாராவது ஒரு வியாதி என்று சொல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் பெட்டியைப் பார்த்ததும் நவ்ஷாத் முதலில் கோபப்பட்டான். கோபம் தங்கையின் மேல்தான் முழுக்கப் போனது. பிறகு ஷமீனா அன்றைக்கு நடந்ததையெல்லாம், டிரம்ஸ் தட்டு உட்பட, ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். அவன் பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்தான். கோடவுனிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டிருந்த கிட்டாரைப் பைக்குள்ளிருந்து எடுத்துச் சுருதி சேர்த்தான். ஹாலில் இருந்த பிளக்கில் பெட்டியை மாட்டிச் சுவிட்சைப் போட்டான்.

ம்ம்ம்ம் என்று ஒரு இரைச்சல் எழுந்தது. தேன்கூட்டைக் கலைத்தது போல, தடித்து, நிற்காமல்.

ஷமீனா காதைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அவன் பாய்ந்து அணைத்தான். அடுக்களையில் அவள் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

"கடையில இது இல்லவே இல்லைங்க. நான் குனிஞ்சு கேட்டேன். ஒண்ணுமே இல்ல."

"உடு ஷமீ. கடைக்காரன் மாத்திக் குடுத்திருப்பான். திருப்பிக் குடுத்துரலாம்."

"அந்தத் தம்பி அப்படிப்பட்ட ஆளில்ல." அவள் காதைத் தடவிக்கொண்டாள். "இல்லைன்னா என்ற காதே தப்பாயிருச்சோ என்னமோ."

மறுநாள் காலை நவ்ஷாத் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோகக் கட்டி வைத்தான். ஷமீனா அவனைத் தடுத்தாள். ஒரே ஒரு தடவை தீவனக் கடையின் கோடவுனில் மாட்டிப் பார்க்கச் சொன்னாள். அவனுக்கு நம்பிக்கையில்லை, இருந்தாலும் செய்தான். அரைமணியில் போன் வந்தது.

"ஏய், இங்க இரையவே இல்ல! ஆன் ஆயிருக்கான்னு வெளக்கப் பாத்துத்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்குது."

அப்படியானால் கோளாறு பெட்டியில் இல்லை, வீட்டில் இருக்கிறது. அவன் திரும்பி வந்ததும் ஷமீனா அவனிடம் ஒவ்வொரு அறையிலும் பெட்டியை மாட்டச் சொன்னாள். காதுமூடி போட்டுக்கொண்டே கேட்டாள். எல்லா இடத்திலும் இரைந்தது. ஆனால் அவள் இன்னொன்றைக் கவனித்தாள். நவ்ஷாத் கிட்டார்க் கம்பியில் கைவைக்கும்போது இரைச்சல் குறைந்தது. கையை எடுத்தால் கூடியது.

"கரண்டு போறதுக்கு வழி தேடுது போலிருக்குதுங்க," என்றாள் மெதுவாக. பிறகு சட்டென்று, "ஏனுங்க, ஃபிரிட்ஜத் தொட்டா கொஞ்ச நாளா விரல்ல சுருக்குங்குது. நான் ஈரக்கைன்னு நெனச்சேன்," என்றாள்.

அவள் அதை ஆனந்தகுமாருக்குப் போன் செய்து சொன்னாள். "அக்கா, ஃபிரிட்ஜத் தொடாதீங்க. மொதல்ல உங்க எர்த் குழியப் போய்ப் பாருங்க," என்றான்.

கசியும் கரண்டை ஈர மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் குழி வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் இருந்தது. மண் வெடித்து, பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. அந்த வருஷம் ஐப்பசியில் வரும் துலாமழையும் சரியாகப் பெய்யவில்லை. ஆனால் வெயில் மட்டும் காரணமில்லை. முன்பெல்லாம் வாஷிங் மெஷினின் தண்ணீர் அந்தக் குழி வழியாகத்தான் தோட்டத்துக்குப் போகும். மெஷின் சத்தம் ஷமீனாவுக்கு ஆகாது என்று அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து அந்தக் குழி ஒரு சொட்டுத் தண்ணீர் பார்க்கவில்லை.

ஷமீனா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்ற ஆரம்பித்தாள். மண் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. நவ்ஷாத் உள்ளே பெட்டியின் பக்கத்தில் நின்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தான்.

"அப்படியேதான் இருக்குது... ஊத்து... இரு, இரு. கொறையுது!"

பாதி குறைந்தது. முழுக்கப் போகவில்லை. மீனாட்சிபுரத்தில் வயரிங் வேலை செய்யும் ஈஸ்வரனைக் கூப்பிட்டார்கள். அவர் குழியைத் தோண்டிப் பார்த்தார். குழாயில் கம்பியைப் பிடித்திருந்த நட்டு துருப்பிடித்துப் பொடியாகக் கையில் வந்தது. பழைய கம்பியை எடுத்துவிட்டுப் புதுசு மாட்டி, உப்பும் கரியும் போட்டு மூடினார். அவர் கையைக் கழுவும்போது முகம் இறுகியிருந்தது.

"ஏனுங்க நவ்ஷாத், நல்ல வேளைங்க. இப்படியே இன்னொரு மாசம் உட்டிருந்தீங்கன்னா, கிரைண்டருலயோ ஃபிரிட்ஜுலயோ ஆள அடிச்சுப் போட்டிருக்குமுங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

நவ்ஷாத் அடுக்களை வாசலில் நின்றிருந்த மனைவியைக் காட்டினான். "அவளுக்குக் கேட்டுதுங்க," என்றான். காதைப் பார்த்துக்கொள்வதற்காக இரண்டு வருஷமாக அவளைப் பொத்திப் பொத்தி வைத்தவன் அவன். அந்தக் காது தங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஈஸ்வரன் போனபின் பெட்டியை மறுபடி ஹாலில் மாட்டினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. வேறு ஒன்றுமில்லை. ஷமீனா எதிரே பாயில் உட்கார்ந்து குமிழைத் தானே வைத்தாள். நவ்ஷாத் கானமேளையில் வாசித்த எதையும் வாசிக்கவில்லை. பெயரில்லாத ஒன்றை, நான்கு சுரத்துக்குள்ளேயே சுற்றிவருகிற ஒன்றை, அவள் முகத்தைப் பார்த்தபடி வாசித்தான். முகத்தில் ஒரு சுளிப்பு வந்தால் நிறுத்திவிடத் தயாராக இருந்தான். கொஞ்ச நேரத்தில் அவள் தோள்கள் தளர்ந்து இறங்கின. அவற்றை அவ்வளவு நாளாக அவள் இறுக்கியே வைத்திருந்தது, அவை இறங்கியபோதுதான் அவனுக்குத் தெரிந்தது.

முதல் நாள் கொஞ்ச நேரம்தான் தாங்கியது. கையைத் தூக்கினாள், அவன் நிறுத்தினான். அடுத்தடுத்த நாட்களில் நேரம் கூடியது. சில நாள் முடியாமல் போனது. தலைவலியோடு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் விடவில்லை, அவனும் அவசரப்படுத்தவில்லை. டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, முன்னேற்றம் இருக்கிறது, இன்னும் போக வேண்டிய தூரமும் இருக்கிறது என்றார். லாரி ஹாரன் இன்றைக்கும் அவளுக்கு வலிக்கும். ஆனால் வைகாசியில் ஒருநாள் அவளாகவே போய் வாஷிங் மெஷினைப் போட்டாள். கதவைச் சாத்திவிட்டு, அது சுற்றி முடிக்கும்வரை பக்கத்து அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்கு நடுவில் நவ்ஷாத் மூன்று தடவை எட்டிப் பார்த்தான்.

ஆனந்தகுமார் சொன்னபடியே கூப்பிட்டான். ஷமீனா இரண்டு முறை போய்வந்தாள். ஒருமுறை, விலைகூடிய ஒரு பெட்டியில் தாங்க முடியாத சிணுங்கல் இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தாள். அவன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டதாகப் பிறகு சொன்னான்.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஃபர்ஸானா குடும்பத்தோடு வந்திருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். நவ்ஷாத் வாசித்துக்கொண்டிருந்தான். திடீரென்று மழை பிடித்தது. மாட்டுக் கொட்டகையின் தகரக் கூரையில் அது இறங்கிய வேகத்தில் வீடே அதிர்ந்தது. நவ்ஷாத்தின் விரல்கள் நின்றுவிட்டன. ஃபர்ஸானா எழுந்து ஜன்னல்களைச் சாத்த ஓடினாள். இருவரும் ஷமீனாவைத்தான் பார்த்தார்கள்.

அவள் காதைப் பொத்தவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தாள்.

"ஏன் நிறுத்துனீங்க? இப்பத்தான் நல்லா வந்துச்சு."

"மழை ஷமீ. உனக்கு..."

"மழையில நீங்க வாசிக்கறது ஒண்ணும் கேக்கலீங்க," என்றபடி எழுந்து போய், குனிந்து, குமிழைப் பிடித்துச் சத்தத்தைக் கூட்டினாள்.